எட்டாம் வள்ளலின் பெயர்: மரக்காணக் கரையும் நல்லியக்கோடனும்

நல்லியக்கோடன் என்னும் ஆண்பெயர் சங்கப் பாட்டுகளில் இரண்டில் மட்டுமே வழங்குகிறது. ஒன்று, பத்துப்பாட்டில் அடங்கிய 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை. மற்றொன்று, புறநானூற்றின் 176ஆம் பாட்டு. முன்னதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பின்னதைப் பாடியவர் புறத்திணை நன்னாகனார். இருவரும் பாடிய தலைவன் ஓய்மாநாட்டை ஆண்ட ஒருவனே. இன்றைய திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களையும் கொண்டிருந்த அந்நிலப்பகுதி, சோழர் கல்வெட்டுகளிலும் ஜயங்கொண்டசோழ மண்டலத்து ஓய்மாநாடு என்று தொடர்ந்து பெயர் பெறுகிறது. நாட்டின் பெயர் கல்லில் நின்றது, ஊர்களின் பெயர்கள் மக்கள் வாயில் நின்றன. நாட்டுக்கு உரியவனின் பெயரோ பிள்ளைகளுக்கு இடும் பெயராக வழங்காமல் ஏட்டிலேயே தங்கிவிட்டது. அப்பெயர் எவ்வாறு பிறந்தது, அதன் பொருள் யாது, சங்கப் பெயர்கள் பலவும் இருபதாம் நூற்றாண்டில் மறுபிறவி எடுத்தபோது இது மட்டும் ஏன் அரிதாகவே நின்றது என்பனவே இவ்வுரை ஆராயும் செய்திகள்.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை அழைத்து, தான் கண்ட வள்ளலின் ஊருக்கு வழி சொல்லி அனுப்பும் பாட்டு வகை. சிறுபாணர் என்போர் சீறியாழ் எனப்படும் சிறிய யாழை இசைக்கும் பாணர். ஆகவே சிறுபாணாற்றுப்படை ஒரு வள்ளலின் புகழ்ப்பாட்டாக மட்டுமின்றி ஒரு வழிப்படமாகவும் அமைந்துள்ளது. எயிற்பட்டினம் என்னும் நெய்தல் ஊர், வேலூர் என்னும் முல்லை ஊர், ஆமூர் என்னும் மருத ஊர், கிடங்கில் என்னும் கோட்டை ஊர், மாவிலங்கை என்னும் தலைமை ஊர் ஆகியவை அப்பாட்டால் அறியப்படும் ஓய்மாநாட்டு ஊர்கள். இவற்றுள் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவு. அவ்வழியை நிலத்தோடு ஒப்பிட்டு, சிறுபாணன் சென்ற பெருவழி என்னும் தலைப்பில் மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய கட்டுரை, இலக்கியத்தை ஊர்ப்பெயரோடு சேர்த்துப் படிக்கும் முறைக்கு இன்றும் நல்ல வழிகாட்டியாக உள்ளது.

எயிற்பட்டினத்தின் பெயரை நத்தத்தனார் நேராகச் சொல்லவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. எயில் என்றால் மதில். மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மேலே நடக்கிறார், கேட்பவர் அதை எயிற்பட்டினம் என்று தாமே உணர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ், சோழமண்டலக் கரையின் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய மூன்றைக் குறிக்கிறது. அவற்றுள் சோபட்மா என்பது சோப்பட்டினம் என்பதன் திரிபு என்றும், சோ என்னும் பழஞ்சொல்லும் மதிலையே குறிப்பதால் அது எயிற்பட்டினத்தின் மறுபெயர் என்றும் கருதுவோர் உண்டு. இக்கருத்து சரியானால், இக்கடற்கரையில் ஒரு பெயர் ஒலியைக் காட்டிலும் பொருளாகவே கையாளப்பட்டிருக்கிறது என்றாகும். எயில், சோ, மதில் என எச்சொல்லால் சொன்னாலும் ஊர் ஒன்றே. நல்லியக்கோடன் என்ற பெயரை ஆராயும்போதும், பாடிய புலவர் தம் மக்களுக்கு விளங்கிய ஏதோ ஒரு பொருளை உட்கொண்டே அதைக் கையாண்டிருப்பார் என்று எதிர்பார்க்க இது இடம் தருகிறது.

பெயரின் முதற்பகுதியில் ஐயம் ஏதுமில்லை. நல் என்னும் அடை சங்க காலத்தில் மக்கட்பெயரின் முன் மிகுதியாக வந்தது. அது நல் என்று முழுமையாக நிற்பதும் உண்டு, ந என்னும் ஓரெழுத்தாகக் குறுகுவதும் உண்டு. நக்கீரர், நப்பூதனார், நச்செள்ளையார், நப்பசலையார் முதலிய பெயர்களில் உள்ள நகரம் இதுவே. நல்லியக்கோடனைப் பாடிய இருவர் பெயர்களிலும் இவ்வடையே இருப்பது வியப்புக்குரியது: நத்தத்தனார் என்பது நல்ல தத்தன், நன்னாகனார் என்பது நல்ல நாகன், நத்தத்தனாரின் ஊரும் நல்லூர். அவனது ஊராகிய கிடங்கிலில் பிறந்து குறுந்தொகையில் இடம் பெற்ற புலவர் ஒருவரின் பெயர் குலபதி நக்கண்ணனார். இவ்வடை தமிழ்நாட்டுப் பெயர்வழக்கில் இன்றளவும் அறுபடாமல் வருகிறது. நல்லதம்பி, நல்லசாமி, நல்லமுத்து, நல்லக்கண்ணு, நல்லம்மாள் என்று அழைக்கப்படுவோர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, நல்லியக்கோடன் பெயரில் பாதியைத் தாங்கியிருக்கிறார்கள்.

இடரெல்லாம் எஞ்சிய பகுதியில்தான். இயக்கோடன் என்பதை இருவகையாகப் பிரிக்க முடியும். இயக்கன் என்பது சங்க காலத்தில் வழங்கிய இயற்பெயர்; பூதப்பாண்டியன் தன் நண்பர்களை எண்ணும் புறநானூற்று 71ஆம் பாட்டில் அப்பெயருடைய ஒருவன் இருக்கிறான். எனவே இயக்கன், கோடன் என்னும் இரு பெயர்கள் தந்தை பெயரும் மகன் பெயருமாகச் சேர்ந்து இப்பெயர் ஆயிற்று என்று கொள்ளலாமே என ஒருவர் கேட்கக்கூடும். ஆனால் இலக்கணம் இதற்கு இடம் தரவில்லை. தந்தை பெயரோடு மகன் பெயர் சேரும்போது முன் நிற்கும் பெயரின் இறுதியில் உள்ள அன் கெட்டு அம் என்னும் சாரியை வரும் என்று தொல்காப்பியம் கூறுகிறது; சாரியை என்பது இரு சொற்கள் சேரும்போது அவற்றை இணைக்க இடையில் வரும் அசை. அம்முறையில் சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். இவ்விதிக்குச் சான்று தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. நற்றிணையில் பாடிய கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார் இந்நாட்டவரே, அவர் பெயரில் கீரனும் கண்ணனும் அவ்வாறே சேர்ந்துள்ளனர். இந்நாட்டுப் பெயர்வழக்கு இதுவாக இருக்க, இயக்கனும் கோடனும் சேர்ந்திருந்தால் இயக்கங்கோடன் என்றுதான் ஆகியிருக்கும்.

ஆகவே இயம், கோடு என்னும் இரு சொற்களே எஞ்சுகின்றன. இயம் என்றால் இசைக்கருவி. பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பது பல்லியம். மகர ஈற்றுப் பெயர்ச்சொல் வேற்றுமைப் பொருளில் வல்லெழுத்தோடு சேரும்போது மகரம் கெட்டு வல்லெழுத்து மிகும். மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆவதுபோல இயமும் கோடும் சேர்ந்தால் இயக்கோடு ஆகும். கோடு என்பது தமிழின் பொருள்வளம் மிக்க சொற்களுள் ஒன்று. மலைமுகடு, யானைத் தந்தம், விலங்கின் கொம்பு, மரக்கிளை, குளத்தின் கரை, சங்கு, ஊதுகொம்பு ஆகிய அனைத்தும் கோடு என்றே வழங்கின. இயம் என்னும் சொல்லோடு சேர்ந்து நிற்கும்போது ஊதுகொம்பு அல்லது சங்கு என்னும் பொருளே முந்துகிறது. நல்ல இசை எழுப்பும் கொம்பை உடையவன் என்பது அப்போது நல்லியக்கோடனின் பொருள் ஆகிறது. சங்கு விளையும் கடலை ஒட்டிய நாட்டுத் தலைவனுக்கு அது பொருந்தாத பெயரும் அன்று.

இப்பொருளைப் புணர்ச்சி விதியைக் கொண்டு மட்டும் நாட்டினால் அது ஒரு கருத்தாகவே நின்றுவிடும். அதற்கு மேலான சான்று நத்தத்தனாரின் பாட்டிலேயே உள்ளது. பாட்டினுள் தலைவனின் பெயரை முதன்முதலாகச் சொல்லுமிடத்தில், அதற்குச் சற்று முன்னதாக அவனைப் பல்லியக் கோடியரைக் காப்பவன் என்று அவர் அறிமுகம் செய்கிறார். கோடியர் என்போர் கொம்பு முதலிய கருவிகளோடு ஊர் ஊராகச் சென்று ஆடிப் பாடும் கூத்தர். பல்லியக் கோடியர் என்று கேட்ட காது, உடனே நல்லியக்கோடன் என்று கேட்கிறது. பல என்பதன் இடத்தில் நல்ல, கோடியர் இடத்தில் கோடன். இவ்வொலியொப்புமை தற்செயலாக வந்தது என்று நம்புவது அரிது. பல இசைக்கருவிகளை உடைய கூத்தருக்குப் புரவலன் நல்ல இசைக்கருவியைப் பெயரிலேயே உடையவன் என்று, புலவர் தம் காலத்தவர்க்கு விளங்கும்படி ஒரு சொல்லாடல் செய்திருக்கிறார். பெயருக்கு உரை எழுதியவர், பெயரைப் பாடிய புலவரே எனலாம். மற்ற விளக்கங்களைக் காட்டிலும் இதுவே வலிமை உடையது என்பது இவ்வுரையின் துணிபு.

அக்குடியில் இன்னும் இரு பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. புறநானூற்றின் 376ஆம் பாட்டு ஓய்மான் நல்லியாதனையும், 379ஆம் பாட்டு ஓய்மான் வில்லியாதனையும் பாடுவன. இரண்டையும் பாடியவர் நன்னாகனாரே. சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதன் பெயரோடு இவற்றை ஒப்பிட்டால், ஆதன் என்னும் பெயரின் முன் வாழ்த்தோ சிறப்போ சேர்க்கும் வழக்கம் தெரிகிறது. ஆதன் என்பது புகளூர்க் கல்வெட்டிலும் கீழடிப் பானையோட்டிலும் தமிழிப் பொறிப்பாகக் கிடைத்த பெயர். இன்று குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் அது இடம் பெறுகிறது. ஒரே குடியின் பெயர்களுள் ஆதன் மீண்டும் உலவத் தொடங்க, கோடன் இன்னும் ஏட்டிலேயே இருக்கிறான்.

பெயரின் பொருளை இவ்வளவில் நிறுத்தி, அப்பெயரைச் சுமந்தவனின் பாட்டுக்குள் செல்லலாம். அவன் பெயர் ஏன் மக்கள் நினைவில் ஏறவில்லை என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் அனைவர் நெஞ்சையும் தைக்கும் இடம் ஓர் ஏழைப் பாணனின் அடுக்களை. கூரை சரிந்து, சுவர் கரையானுக்கு இரையாகி, அடுப்படியில் காளான் முளைத்திருக்க, கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், அவை முலையைப் பற்றுவதைப் பொறுக்க மாட்டாமல் குரைக்கும் அவ்வீட்டில், பசியால் மெலிந்த பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பங்கழிகளுக்கு நடுவே வாழ்ந்த புலவர், உப்புத்துறை ஒன்றைத் தன் பட்டினமாகக் கொண்ட வள்ளலைப் பாடும்போது, வறுமையின் எல்லையைக் காட்ட உப்பில்லாக் கீரையைத் தேர்ந்தது இக்கரைக்காரரின் கண்ணுக்கு உடனே தெரியும். இப்பாட்டை உப்பின் பாட்டாகப் படித்தோர் மிகச் சிலரே.

அதே பாட்டில், கொற்கைக் கரையில் உமணரின் வண்டிகளோடு வந்த மந்தி, சிப்பிக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பை செய்து உமட்டியரின் பிள்ளைகளோடு விளையாடுகிறது. உமணர் என்போர் உப்பு வணிகர், உமட்டியர் அவர்களது பெண்டிர். எயிற்பட்டினத்தில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகிற்கட்டைகள் ஒட்டகம் படுத்துறங்குவதுபோல் கிடக்க, நுளையர் மகளிர் அவற்றையே விறகாக்கி வடித்த கள்ளோடு குழல்மீன் சூட்டையும் விருந்தாகத் தருகிறார்கள். வேலூரில் புளியிட்ட சுடுசோறும் ஆமான் சூடும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக்கலவையும் கிடைக்கின்றன. உப்பில்லாத கீரையில் தொடங்கிய பாணனின் நாக்கு ஊருக்கு ஊர் சுவை பெற்று, கடைசியில் நல்லியக்கோடனின் அரண்மனையில், வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் மடைநூல் வழுவாமல் சமைத்த உணவைப் பொற்கலத்தில் உண்கிறது. மடைநூல் என்பது சமையற்கலை நூல். மன்னன் அருகில் நின்று தானே பரிமாறுகிறான் என்பது புலவர் தரும் செய்தி. அதன் பின்னரே தேரும் பாகனும் பிற பரிசுகளும் வருகின்றன.

இவ்வாறு விருந்தோம்பியவன் மக்கள் நினைவில் ஏன் தங்கவில்லை என்று கேட்டால், அதே பாட்டின் மற்றொரு பகுதியைச் சுட்ட வேண்டும். மயிலுக்குப் போர்வை தந்த பேகன், முல்லைக்குத் தேர் தந்த பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் கடையெழு வள்ளல்களின் வரிசையும் கொடைச் செயல்களும் நத்தத்தனாரின் பாட்டில் முறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவ்வெழுவரும் சேர்ந்து தாங்கிய கொடை என்னும் நுகத்தை இவன் ஒருவனே தாங்குகிறான் என்று சொல்வதற்காகவே புலவர் அவர்களை எண்ணினார். பிற்காலத்தார் எழுவரைப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு எட்டாமவனைப் பாட்டிலேயே விட்டுவிட்டார்கள். படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு போய், அது ஏறிச் சேர்ந்த வீட்டை மறந்ததற்கு ஒப்பான இச்செயல் தமிழ்க் கல்வியில் நேர்ந்த உண்மையான இழப்பு. புறநானூற்று 158ஆம் பாட்டிலும் பெருஞ்சித்திரனார் இவ்வெழுவரை எண்ணி, அவர்களுக்குப் பின் வந்தவனாகக் குமணனைப் பாடுகிறார். அந்த எட்டாமவன் மறக்கப்படவில்லை. குமணனுக்குத் தன் தலையையே கொடுக்கத் துணிந்த கதை இருந்தது. நல்லியக்கோடன் செய்தது சோறிட்டதும், உடன் நின்று பரிமாறியதும், வழியனுப்பியதும். இவை ஒரே காட்சியாகச் சுருக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்ல எளியவை அல்ல. போர்வையும் தேரும் தலையும் கதையாகின்றன, சோறு கதையாவதில்லை.

கதையே பெயரைக் காக்கிறது என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே வலுவான சான்று ஒன்று உண்டு. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியாக மேற்கே சென்றால் செஞ்சிக் கோட்டை வரும். அக்கோட்டையைப் புந்தேலா ராஜபுத்திரனான தேஜ் சிங் ஓராண்டும் நிறையாத காலமே ஆண்டு, 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது இளமையிலேயே மாண்டான். வடக்கிலிருந்து வந்த குடியின் மகனாகிய அவன் பெயர் தமிழர் வாயில் தேசிங்கு ஆகி, கதைப்பாடலாகி, பெரிய எழுத்துப் புத்தகமாகி, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமுமாகி, இப்பகுதி ஆண்களின் இயற்பெயராகவும் ஆயிற்று. அவ்வாறே தெருக்கூத்து தருமனையும் அர்ச்சுனனையும் திரௌபதியையும் வடதமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பெயர்வழக்கில் நிலைநிறுத்தியது. கூத்தருக்குப் புரவலன் என்று பாடப்பட்டவன், கூத்தில் ஒரு வேடமாகவும் இடம் பெறாமல் போனது நெஞ்சை வருத்தும் செய்தி.

பெயர் வழக்கொழிவதற்குத் தமிழ்க் குடும்ப முறையிலும் ஒரு காரணம் உண்டு. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. மரூஉ என்பது பழகிச் சிதைந்த சொல்வடிவம். பாட்டனின் பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன், பாட்டியின் பெயரைத் தாங்குவதால் அவள் பெயர்த்தி. உறவுச்சொல்லிலேயே பெயர்ச்சங்கிலி பொதிந்துள்ள இம்முறையில், ஒரு பெயர் ஒரு தலைமுறை தாண்டித் தாண்டி நூற்றாண்டுகள் வாழ முடியும். ஆயினும் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் அதை மீண்டும் கோக்க உள்ளிருந்து வழியில்லை, வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். அத்தகைய விசை சங்கப் பெயர்களுக்கு அச்சிலிருந்து வந்தது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகள், வேதாசலம் என்ற தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார். பின்னர்த் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் நாடறிந்தவை. அப்பெயர்மாற்ற அலையில் செழியனும் இளங்கோவும் செங்குட்டுவனும் கரிகாலனும் பாரியும் கபிலனும் வீடுதோறும் புகுந்தனர்.

நல்லியக்கோடன் அப்போதும் வாயிலிலேயே நின்றான். பெயரின் நீளத்தைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. நெடுஞ்செழியனுக்கு ஏழு எழுத்து, செங்குட்டுவனுக்கும் ஏழு, நல்லியக்கோடனுக்கு எட்டு, ஓர் எழுத்து ஒரு பெயரை வீழ்த்திவிடாது. உண்மைக் காரணங்கள் மூன்று எனத் தோன்றுகிறது. சேர சோழ பாண்டியர் பெயர்கள் தமிழகம் முழுமைக்கும் பொதுவான பெருமையாக மேடையில் ஒலித்தன. ஓய்மாநாடு ஒரு சிறுநாடு, அதன் பெயரை மேடையில் முழங்கக் கட்சியோ பேரூரோ இல்லை. அடுத்து, நெடுஞ்செழியன் என்ற பெயரைக் கேட்டவுடன் நெடுமையும் செழிப்பும் விளங்குகின்றன. நல்லியக்கோடனில் நல் மட்டும் விளங்கி, இயமும் கோடும் இன்றைய காதுக்கு மூடிய சொற்களாக நிற்கின்றன. கோடு என்றால் இன்று தாளில் இழுக்கும் வரி. கற்றோர்க்கோ கோடுதல் என்றால் வளைதல், நடுநிலை தவறுதல், கோடாமை என்றால் அதற்கு மாறானது என்று குறள் நினைவுக்கு வரும். மூன்றாவது, சுருக்கப்பெயர். தமிழ்நாட்டில் வீட்டில் அழைக்கும் சுருக்கமே பெயரின் உண்மையான உடல். செழியன், குட்டுவன், கரிகால் என்று மற்றப் பெயர்கள் அழகாகச் சுருங்க, இப்பெயர் நல்லி என்று சுருங்கினால் எலும்பையே நினைவூட்டும். இவற்றுள் எதுவும் தீர்க்க முடியாத தடை அன்று. இயக்கோடன் என்றோ கோடன் என்றோ சுருக்கினால், கொம்பின் ஓசை கொண்ட கம்பீரமான பெயர் கிடைக்கிறது. பொருளைப் பெற்றோர் ஒருமுறை அறிந்துவிட்டால் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுதும் விளங்கும்.

ஊர்ப்பெயர்களோ வேறு வழியில் பிழைத்தன. வேலூர் தன் முன் உப்பைச் சேர்த்து உப்புவேலூர் ஆயிற்று. ஆமூர் நல்லைச் சேர்த்து நல்லாமூர் ஆயிற்று. மாவிலங்கை, பழைய குடைவரையோடு கூடிய கீழ்மாவிலங்கை ஆயிற்று. கிடங்கில், கிடங்கல் என்று சற்றே திரிந்து திண்டிவனம் நகருக்குள் அடங்கியிருக்கிறது. மாவிலங்கை என்ற பெயரைக் கண்டு அவனை ஈழத்து அரசனாக்க முயல்வது பாட்டைப் படியாத பிழை. தொன்மையான இலங்கையின் பெயரைக் கொண்ட வேறோர் ஊர் என்று புலவரே தெளிவாக்கியிருக்கிறார். நத்தத்தனாரின் இடைக்கழிநாடு, மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலமாக, அதே பெயரில் பேரூராட்சியாக நிற்கிறது. எயிற்பட்டினம் மட்டும் தன் பழம்பெயரை இழந்து மரக்காணம் ஆகி, சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயிலையும் பரந்த உப்பளங்களையும் தன் அடையாளமாகக் கொண்டது. சோழர் காலத்தில் உப்பளத்துக்கு அளம் என்றும், பெரிய அளத்துக்குப் பேரளம் என்றும் பெயர். அரசர்களின் பட்டப்பெயர்களைப் பேரளங்களுக்குச் சூட்டிய வழக்கமும் அக்காலத்தில் உண்டு. உப்பு விளையும் பாத்திக்கும் அரசன் பெயர் தகும் என்று எண்ணிய நாட்டில், இவ்வளங்களின் பழைய உரிமையாளன் பெயர் ஓர் அளத்துக்கேனும் இடப்பட்டால் அது மிகை ஆகாது.

நன்னாகனாரின் 176ஆம் பாட்டு இங்கே தனிச் சிறப்புப் பெறுகிறது. பன்றி கிளறிய சேற்றில் விளையாடும் சிறுமியர்க்கு ஆமை முட்டையும் ஆம்பற்கிழங்கும் கிடைக்கும் மாவிலங்கையின் தலைவன் என்று அவனைச் சொல்லிவிட்டு, புலவர் தம்மையே நொந்துகொள்கிறார். பாரியின் பறம்பில் உள்ள குளிர்ந்த சுனைநீர் தம் ஊரிலேயே இருப்பதால் அதன் அருமையை எண்ணாமல் இருந்தவர்களைப் போல, இவனைக் காணாமலே நாள்களைக் கழித்துவிட்டதாகவும், இனி வரும் நாள்களுக்காக நெஞ்சு இரங்குவதாகவும் அவர் பாடுகிறார். அருகில் இருப்பதனாலேயே ஒன்று மதிப்பிழக்கும் என்பதை அவன் காலத்திலேயே, அவனைப் பற்றியே ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார். திண்டிவனத்திலும் மரக்காணத்திலும் சேரனையும் சோழனையும் பிள்ளைக்குப் பெயராக வைத்த பெற்றோர் பலர். சுனை அவர்கள் ஊரிலேயே இருந்தது.

இப்பெயரின் இலக்கணத்தில் இன்னும் ஒரு செய்தி கவனிக்கப்படாமல் கிடக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாட்டின் நடுவிலும் இறுதியடியிலும், புறநானூற்றுப் பாட்டிலும் அவன் பெயர் வரும்போதெல்லாம் நல்லியக்கோடனை என்று இரண்டாம் வேற்றுமை ஏற்றே வருகிறது. இரண்டாம் வேற்றுமை என்பது செயலுக்கு உள்ளாகும் பொருளைக் குறிக்கும் ஐ உருபு. அவனை விரும்பிச் சென்றார்கள், அவனை உடையாய் என்று தம் ஊழை வாழ்த்தினார்கள். அவன் முகம் நோக்கிப் பெயர் சொல்லி அழைத்த ஒரு விளியும் ஏடுகளில் எஞ்சவில்லை. அன் என்று முடியும் பெயர்களுக்குத் தொல்காப்பியம் விளிமரபில் இருவகை வடிவம் கூறுகிறது: சோழன் சோழா என்று ஆவதுபோல இறுதி ஆகாரமாவது பொதுவிளி, ஊரன் ஊர என்று ஆவதுபோல இறுதி அகரமாவது அருகில் இருப்பவரை அழைக்கும் அண்மை விளி. அளத்தின் மறுவரப்பில் நிற்கும் பிள்ளையை அழைக்க நல்லியக்கோடா. மடியில் இருக்கும் பிள்ளையை அழைக்க நல்லியக்கோட.